ரொம்பச் சாது

ஜனவரி 11

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வருகிறோம். அதை நலம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இருமல் நின்றதா? மலைக்குள்ளே புகை வெளியே போக வழி வைத்திருக்கிறார்களா இல்லையா என்று போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன். கேட்டதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதுவதில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இனிமேல் கடிதத்தில்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. போன முறை உங்கள் முகாம் ஆபீஸ் போனில் நாம் கத்தியதை மேஸ்திரியில் தொடங்கிச் சமையல்காரர் வரை கேட்டிருப்பார்கள். எழுத உட்கார்ந்தால் கோபம் பாதியாவது ஆறுகிறது. மீதிப் பாதியைப் பாத்திரம் தேய்த்துத் தீர்த்துக்கொள்கிறேன்.

வாலுவைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தாலே யார் மண்டையை உடைத்தாளோ என்று பயந்துகொண்டு போவேனே, அந்தப் பழக்கத்தில் போனேன். டீச்சர் முகமெல்லாம் சிரிப்பு. "முன்ன மாதிரி இல்லைங்க. ரொம்ப அமைதியாயிட்டா. வெச்ச இடத்துல இருக்கா. நல்ல மாற்றம்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறாள். தம்பி போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பள்ளி விட்டு வந்ததும் அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள். போடுவதைச் சாப்பிடுகிறாள். பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளினால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அதனால் ஒரு பூனைக்குட்டி எடுக்கலாம் என்று நினைத்தேன். பஸ் டிப்போவுக்குப் பின்னால் பழைய கிடங்கு ஒன்று இருக்கிறதே, அங்கே இப்போது ஆதரவில்லாத பூனை நாய்களை வைத்துப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இவளைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் பினாயில் வாடை மூக்கில் ஏறுகிறது. குட்டிகளுக்குத் தனி அறை, குளிருக்கு ஒரு பெரிய பல்பு தொங்குகிறது. அதை நடத்துகிற அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கையெல்லாம் கீறல், வாயைத் திறந்தால் அதட்டல்.

மூன்று குட்டிகள் வீடு போகத் தயாராக இருந்தன. ஒன்று செம்பட்டை நிறம், கோடு போட்டது. கதவைத் திறந்த கையோடு என் கைப்பையில் ஏறிச் சாவிக்கொத்தைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. அதற்கு ரவுடி என்று பேர் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று கறுப்பு வெள்ளை, வாளிக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை, அதன் வாலை மட்டும்தான் பார்த்தோம். மூன்றாவது சாம்பல் நிறம். குணம் பார்ப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார் அந்தம்மா. குட்டியை முன்னங்கையில் மல்லாக்கப் போட்டு, வயிற்றில் லேசாகக் கை வைக்கிறார். ரவுடி நாலு காலாலும் உதைத்து அவரைக் கடித்தது. சாம்பல் குட்டி அசையவே இல்லை. பிறகு வாலு கேட்டு வாங்கித் தன் கையில் போட்டுக்கொண்டாள். அப்படியே கிடந்தது, அவளைப் பார்த்துக்கொண்டு.

"ரொம்பச் சாதும்மா இது" என்றாள்.

நம் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி எவ்வளவு நாளாயிற்று. அது தம்பிக்கு நாம் வைத்த செல்லப் பேர் இல்லையா. அவளே சொன்னாள், அவள் வாயால்.

உடனே தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்தம்மா விடவில்லை. "வீட்டுல பெரியவங்க எத்தனை பேர்?" என்றார். ரெண்டு பேர், அவர் வெளியூரில் வேலை என்றேன். "அவருக்குச் சம்மதமா?" கேட்கவில்லை என்றேன். "கேட்டுட்டு வாங்க. பொண்டாட்டி ஆசையா தூக்கிட்டுப் போறது, அடுத்த வாரமே புருஷன் கொண்டாந்து வாசல்ல விட்டுட்டுப் போறது, தினம் பாக்கறேன். எல்லாரும் சரின்னாத்தான் குடுப்பேன்" என்றார். அதனால் கேட்கிறேன். எதிலும் மதில்மேல் பூனையாக இருப்பது உங்கள் சுபாவம். இந்தப் பூனை விஷயத்திலாவது ஒரு பக்கம் குதியுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா

---

ஜனவரி 19

என் கண்ணாடிக்காரிக்கு,

இருமல் குறைந்துவிட்டது. புகை போக்கியும் வைத்துவிட்டார்கள். கேட்டதற்கு முதலில் பதில் எழுதியாயிற்று, இனி என்னைக் குறை சொல்ல முடியாது. சாமான் லாரி நேற்றுத்தான் வந்தது. வாரம் ஒருமுறை வருகிறவனை நாங்கள் மாப்பிள்ளை மாதிரி வரவேற்கிறோம். அவன் கொண்டுவருகிற உருளைக்கிழங்குக்காக அல்ல, கடிதத்துக்காக.

இங்கே மலையைக் குடைந்து பாதை போடுகிற குகை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. மேலே மண் விழாமல் இருக்க வளைவு வளைவாக இரும்பு நிறுத்தி, ஒன்றோடு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டே போகிறோம். நாள் முழுக்கத் தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு வேலை. சாப்பிடும்போது சோறு வாய்க்குப் போகாமல் காதுக்குப் போகிறது.

உன் கடிதத்தைக் குகை வாசலில் வைத்தே படித்தேன். வாலு சொன்ன அந்த வார்த்தை வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இரும்புக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மறுபிறவி, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். ஆனாலும் கையில் போட்டதும் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தது என்று எழுதியிருக்கிறாயே. அவனும் அப்படித்தானே பார்ப்பான்.

எங்கள் சமையல்காரர் வீட்டில் எப்போதும் பூனைக்குக் குறைவில்லையாம். அவரிடம் யோசனை கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிரசங்கமே செய்துவிட்டார். "கண்ணுல பூளை இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. காதுக்குள்ள கறுப்பா பொடி இருந்தா உண்ணி. உடம்பு ஒல்லியா வயிறு மட்டும் பானையா இருந்தா பூச்சி. எல்லாத்துக்கும் மேல குணம் முக்கியம். முரட்டுக்குட்டியை எடுத்தா வீட்டுல ஒரு திரைச்சீலை மிஞ்சாது." அதனால் ரவுடி வேண்டாம். ஒளிந்துகொள்கிறதும் வேண்டாம், நம் வீட்டில் ஒளிந்துகொள்ள ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.

சாம்பலையே எடு. சாதுவுக்கு மேல் என்ன வேண்டும்? எனக்குப் பூரண சம்மதம் என்று அந்தம்மாவிடம் இந்தக் கடிதத்தையே காட்டு. பார், ஒரு பக்கம் குதித்துவிட்டேன்.

வாலுவுக்கு முத்தம். உனக்கும், வாங்கிக்கொள்வாய் என்றால்.

உன் பத்தவைப்புக்காரன்

---

ஜனவரி 27

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாலுவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். சோறு காதுக்குப் போகிறது என்ற இடத்தில் உதட்டோரமாகச் சிரித்தாள். உங்கள் முத்தத்தை நானும் வாங்கிக்கொண்டேன். அதை எழுதுவதற்குக் கூச்சமாக இருந்தது, இப்போது எழுதிவிட்டேன்.

இனி எழுதப்போவது நல்ல செய்தி இல்லை.

பழைய துண்டு போட்ட ஒரு கூடையோடு காப்பகத்துக்குப் போனோம். அன்று டாக்டர் வருகிற நாள். வீட்டுக்கு அனுப்புமுன் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்றார் அந்தம்மா. டாக்டர் வயதானவர், கொஞ்சம் சிடுசிடுப்பு. சாம்பல் குட்டியின் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அழுத்திவிட்டு விரலை எடுத்தார், நிறம் மாறவே இல்லை.

"யாரு இதைச் சாதுன்னு சொன்னது?" என்றார்.

வாலு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாதுவும் இல்லை, ஒண்ணும் இல்லை. இது சோகை. உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி ரத்தத்தைக் குடிச்சிருக்கு. கையைக் காலை உதறத் தெம்பில்லாம கிடக்கு. இந்த வயசுக் குட்டியை மல்லாக்கப் போட்டா கடிக்கணும்மா, கடிச்சாத்தான் நல்ல குட்டி."

அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஊர்க் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் நான், அந்த வெளுத்த வாயை எத்தனை நேரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. இல்லை, முன்பு ஒருமுறை பார்த்தது என்பதாலேயே தெரியவில்லையோ என்னவோ.

நம் பிள்ளையையும் எல்லோரும் அப்படித்தானே சொன்னார்கள். ஓடமாட்டான், விழமாட்டான், அழமாட்டான். வருகிறவர்களெல்லாம் "பெத்தா இப்படிப் பெக்கணும்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். அக்கா வால், தம்பி சாது என்று நாமும் சிரித்துக்கொண்டு திரிந்தோம். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பெரிய டாக்டர் நம்மை ஏறிட்டுப் பார்த்தாரே, அந்தப் பார்வை எனக்கு இன்னும் போகவில்லை.

பஸ்ஸில் வரும்போது வாலு வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பி, "அப்ப தம்பியும் சாது இல்லையாம்மா? தெம்புதான் இல்லையா?" என்று கேட்டாள். பக்கத்து சீட்டில் இருந்தவர் எங்களைப் பார்த்தார். நான் அவள் தலையை என் மேல் சாய்த்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய, நீங்களே சொல்லுங்கள்.

குட்டியைப் பற்றி டாக்டர் சொன்னது இது. மருந்து கொடுத்திருக்கிறார். ஆனால் மருந்து மட்டும் போதாதாம். "சூடா வெச்சிருக்கணும், கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிக்கிட்டே இருக்கணும். ஒரு வீட்டுல மடியில வெச்சுப் பாத்தா பொழைக்க வாய்ப்பிருக்கு. உறுதி குடுக்கமாட்டேன். இத்தனை குட்டிக்கு நடுவுல இங்க அது முடியாது" என்றார். நான் கூடையை முன்னே நகர்த்தினேன். அந்தம்மா தடுத்துவிட்டார். "உங்க வீட்டுக்காரர் சரின்னு எழுதினது நல்ல குட்டிக்கு. சீக்குக் குட்டின்னு தெரிஞ்சு சரிங்கறாரான்னு கேளுங்க. செத்துப்போனா குழந்தை தாங்கணும், அதையும் யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

வாலு வேறு குட்டியைத் திரும்பியும் பார்க்க மாட்டேன் என்கிறாள். எனக்கும் இதுதான் வேண்டும். ஆனால் இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார எனக்குத் தெம்பில்லை. நீங்கள் வர வேண்டும். ஒரு வாரம் லீவு கேளுங்கள். மூன்று பேரும் சேர்ந்து பார்ப்போம். பிழைத்தால் பிழைக்கட்டும், போனால் மூன்று பேரும் இருக்கும்போது போகட்டும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா

---

பிப்ரவரி 4

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். வேண்டாம்.

நான் சூடு கண்ட பூனை. அடுப்பங்கரைப் பக்கம் வர மாட்டேன். மருந்து வாடை, டிராப்பர், ஒவ்வொரு நாளும் டாக்டர் முகத்தைப் பார்ப்பது, இதெல்லாம் இன்னொரு தடவை அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. குழந்தை தம்பியைப் பறிகொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவள் கையிலேயே இன்னொன்றைக் கொடுத்து, இதுவும் போகலாம், தயாராக இரு என்பாயா? எந்த அம்மாவாவது அப்படிச் செய்வாளா?

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்க மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ரவுடியை எடு. போன கடிதத்தில் வேண்டாம் என்றது நான்தான், இப்போது நானே சொல்கிறேன். கடிக்கிறதோ கிழிக்கிறதோ, உயிரோடு இருக்கும். திரைச்சீலை போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். வாலு முதலில் முரண்டு பிடிப்பாள், பிறகு பழகிவிடுவாள். குழந்தைகள் எல்லாவற்றுக்கும் பழகிவிடுவார்கள்.

லீவு இப்போது கேட்க முடியாது. வளைவு வேலை பாதியில் நிற்கிறது, பற்றவைக்கிறவர்கள் குறைவு. அதுவரை அந்தச் சாம்பல் குட்டி விஷயத்தில் நீயாக எந்த முடிவும் எடுக்காதே. இந்தக் கட்டம் முடியட்டும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பத்தவைப்புக்காரன்

---

பிப்ரவரி 10

வாலுவின் அப்பாவுக்கு,

நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கையெழுத்தில் இதை நான் முன்பும் படித்திருக்கிறேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பாலம் கட்டுகிற வேலையில் இருந்தீர்கள். பிள்ளை முகம் வெளுத்துக்கொண்டு வருகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறான், பெரிய டாக்டரிடம் காட்டட்டுமா என்று எழுதினேன். "அவன் என்னை மாதிரி, ரொம்பச் சாது. நீயாக ஒன்றும் செய்து பயமுறுத்தாதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினீர்கள். நானும் சரி, அப்பா சொல்கிறாரே என்று இருந்தேன். நீங்கள் வந்தீர்கள், பார்த்தீர்கள். "கொஞ்சம் முன்னாடியே" என்று ஆரம்பித்துவிட்டு அந்தப் பெரிய டாக்டர் வாயை மூடிக்கொண்டார். அந்த மீதி வாக்கியம் நம் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நீங்கள் இந்த ஊரில் வேலை இருக்கும்போதே மலைக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

எந்த அம்மாவாவது அப்படிச் செய்வாளா என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் கையிலிருந்த கண்ணாடி டம்ளரைச் சுவரில் வீசினேன். வாலு எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், துடைப்பத்தை எடுத்துக் கூட்டினாள். பழைய வாலுவாக இருந்தால் "இன்னொண்ணு உடைக்கட்டுமா?" என்று கேட்டிருப்பாள்.

இப்போது நல்லதும் கொஞ்சம் எழுதுகிறேன், அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகத்தானே கூடாது, இங்கே வந்து ஊட்டலாமா என்று வாலுவே அந்தம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். தானாகப் போய் ஒருத்தரிடம் பேசியிருக்கிறாள்! தினமும் பள்ளி விட்டதும் அங்கே போகிறாள். நான் கடை முடித்துப் போய்க் கூட்டி வருகிறேன். சாம்பலைத் தனிக் கூண்டில் வைத்திருக்கிறார்கள், தெள்ளுப்பூச்சி மற்றதற்குத் தொற்றாமல் இருக்க. ஊசியில்லாத சிரிஞ்சில் பால்மாவு எடுத்துக் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். முதலில் பாதி வெளியே வழிந்தது. நேற்றுத் தலையைத் தூக்கியதாம்.

இன்று நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து சத்தம். "அம்மா! கடிச்சிடுச்சும்மா! சாது கடிச்சிடுச்சு!" விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடி வந்தாள். பொட்டளவு சிவப்பு. குதிக்கிறாள், சிரிக்கிறாள், அந்தம்மாவையும் பிடித்து உலுக்குகிறாள். அவரும் ஈறைத் தூக்கிப் பார்த்து, "லேசா ரோஸ் தட்டுது" என்றார். கடித்ததற்காக ஒரு வீட்டில் இத்தனை சந்தோஷம் உண்டா? வழியெல்லாம் அந்த விரலை என்னைத் தொடவிடவில்லை அவள்.

ஆனால் ராத்திரி அங்கே யாரும் இல்லை. பல்பு வெளிச்சம் மட்டும்தான். "நாள் முழுக்க ஏத்தறதை ராத்திரி இறக்கிடுது. சீக்கிரம் ஒரு வீட்டுக்குப் போகணும்" என்கிறார் டாக்டர்.

உங்களைத் திட்டவேண்டியதைத் திட்டிவிட்டேன். இப்போது கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் வந்தால் நல்லது. வர முடியாவிட்டால் சரி என்று ஒரு வரி எழுதி அடுத்த லாரியில் அனுப்புங்கள். ஒரே ஒரு வரி. அந்த வரிக்குக் குட்டி மட்டும் காத்திருக்கவில்லை.

வாலுவின் அம்மா

---

பிப்ரவரி 24

வாலுவின் அப்பாவுக்கு,

சாம்பல் குட்டி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தத் தெருப் பக்கம் கரண்ட் போயிருக்கிறது. பல்பு அணைந்துவிட்டது. பொதுக்கூண்டில் இருந்த குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டு விடியும்வரை தாக்குப் பிடித்திருக்கின்றன. இது தனிக்கூண்டில் இருந்தது. சனிக்கிழமை பள்ளி இல்லை என்று வாலு காலையிலேயே போய்விட்டாள். அவள்தான் முதலில் பார்த்தாள். அந்தம்மா என் கடைக்குப் போன் செய்தார். நான் போனபோது அதை மல்லாக்க முன்னங்கையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் உட்கார்ந்து தோளைத் தொட்டேன். "இப்ப உண்மையிலேயே சாதும்மா" என்றாள். அழவில்லை.

உங்கள் வரி வரும் என்று பார்த்தேன். ஒரு லாரி வந்து போனது, தபாலில் உங்களுடையது இல்லை. வழியில் எங்காவது நின்றிருக்கும் என்று வாலுவிடம் சொன்னேன். இன்னொன்று உங்களிடம் சொல்ல வேண்டும். அவர் சரி என்றுவிட்டார் என்று அந்தம்மாவிடம் ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றே கொடுத்திருப்பார். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அந்தச் சரி உங்களிடமிருந்தே வர வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்குக் குட்டியைக் கொடுத்துவிட்டேன். உங்களுக்காகக் காத்திருந்தே பழகிப்போன உடம்பு இது, வேறு என்ன செய்யும்?

காப்பகத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் குழி வெட்டினோம். மண் இறுகிக் கிடந்தது. அந்தம்மா கடப்பாறை பிடித்தார், நான் மண்ணை அள்ளினேன். கூடையில் போட்டு வைத்திருந்த பழைய துண்டில் சுற்றினோம்.

திரும்பும்போது அந்தம்மா வாலுவிடம், "ரவுடியைத் தூக்கிட்டுப் போறியா?" என்று கேட்டார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்து, "அப்பாவைக் கேக்கணுமே" என்றாள். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. அதுதான் முறை என்பது போலச் சொன்னாள். ஒன்பது வயதில் அவளும் காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மரத்தடியில் எனக்குள்ளே எதுவோ அறுந்துபோனது. உங்கள் மேல் இப்போது கோபம்கூட இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரவுடியைக் கேட்டு வாங்கினேன். அந்தம்மா வழக்கம்போல, "வீட்டுல பெரியவங்க எத்தனை பேர்?" என்றார். ஒருத்தி என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வேறு எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டார்.

இப்போது அது உங்கள் சாய்வு நாற்காலியைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. என் கையில் நாலு கீறல். வாலு கட்டிலில் படுத்திருக்கிறாள், இன்னும் சுவர்ப்பக்கம்தான். ஆனால் அது ஏறிப்போய் அவள் பின்னலைக் கடித்து இழுக்கிறது. சற்று முன் "ச்சீ, விடுடா!" என்று ஒரு அதட்டல் கேட்டது.

நீங்கள் லீவு கேட்க வேண்டாம். வரவும் வேண்டாம். வாலுவுக்கு எழுதத் தோன்றினால் அவளுக்கே எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன். எனக்கு எழுதினால் பிரிக்க மாட்டேன். இருமலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அவள் அம்மா

---

பிப்ரவரி 24

என் கண்ணாடிக்காரிக்கு,

சரி.

முதலில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டேன். இனி நீ திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

போன லாரியிலேயே போட்டிருக்கலாம். பேனாவை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றான். ஒன்றுமில்லை போ என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். மூடின கண்ணை எவ்வளவு நாள் மூடிக்கொண்டிருப்பது? உன் கடிதத்தைச் சமையல்காரரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். நானே படித்தால் பிடிக்காத இடங்களைத் தாண்டித் தாண்டிப் போகிறேன், அதற்காக. வாலு விரலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த இடம் வந்ததும் மனுஷன் காகிதத்தை மடியில் வைத்துவிட்டார். பிறகு, "இன்னும் ஏன்யா இங்க உக்காந்திருக்கே?" என்றார்.

மேஸ்திரியிடம் நேராகப் போனேன். என் இடத்துக்கு வேறு ஆள் அடுத்த லாரியில் வருகிறான். அதே லாரியில் நான் இறங்குகிறேன். ஒரு வாரம் இல்லை, இந்த வேலையே போதும். ஊரில் எந்தப் பட்டறையிலாவது கேட் அடித்துக்கொடுத்துப் பிழைத்துக்கொள்கிறேன். நமக்கு நடுவில் ஒரு வாக்கியம் படுத்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை நான் வந்து என் வாயாலேயே முடித்துவிடுகிறேன். நீ கத்து, நானும் கத்துகிறேன், அக்கம்பக்கம் கேட்டால் கேட்கட்டும்.

இந்தக் கடிதம் இந்த வாரத்து லாரியில் எனக்கு முன்னால் வந்துவிடும். அதைக் காட்டிக் குட்டியை உடனே வீட்டுக்குக் கொண்டுபோ. இங்கே மிச்சமான தகட்டில் ஒரு பெட்டி செய்திருக்கிறேன். விளிம்பெல்லாம் அரம் போட்டுத் தேய்த்தாயிற்று, குழந்தை கையை விட்டாலும் கீறாது. உள்ளே கம்பளி. ஒரு பக்கம் பல்பு மாட்ட இடம். அடியில் வெந்நீர் பாட்டில் வைக்க ஒரு தட்டும் பற்றவைத்திருக்கிறேன், கரண்ட் போனாலும் ராத்திரி முழுக்கச் சூடு நிற்கும். சமையல்காரர் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "நானே இதுல படுத்துக்குவேன்" என்றார்.

வாலுவிடம் அப்பா சரி சொல்லிவிட்டார் என்று சொல். இனிமேல் என்னைக் கடிக்கவும் சொல், அம்மாவும் பெண்ணும் பூனையும் முறை போட்டுக் கடியுங்கள். அந்தம்மாவிடம் மட்டும் கெட்டியாகச் சொல்லி வை, நம் சாதுவை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் பத்தவைப்புக்காரன்